அரிதாரத்துக்குள் ஒரு மீசை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஒரு பாதகச் செயலில் ஈடுபட்டிருந்தேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய என் முதல் நாவலைத் திருத்திக்கொண்டிருந்தேன். புதுப் பதிப்பு வரப் போகிறது. "பழைய எழுத்துத்தானே ஸார், அங்கங்கே கொஞ்சம் தட்டிக் கொட்டிக் கொடுத்துவிடுங்கள்" என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். அவர் 'கொஞ்சம்' என்றுதான் சொன்னார். ஆனால் சிவப்புப் பேனாவுக்கு ஒரு குணம் உண்டு. எடுத்தவன் கையை அது சும்மா விடாது. ஒன்பதாம் அத்தியாயம் முழுவதையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, பெரிய பாவம் ஒன்று தொலைந்தது என்று நான் பெருமூச்சு விட்ட சமயத்தில் என் பேரன் வந்து சேர்ந்தான்.

"தாத்தா, பேனாவைக் கீழே வைங்க. படம் பார்க்கலாம் வாங்க" என்று ஒரு டிஸ்க்கை என் முகத்துக்கு நேரே ஆட்டினான். "அப்பா சின்ன வயசுல உங்களோட பார்த்த படமாம். இதுல ரொம்பத் தெளிவா இருக்குமாம்."

வாங்கிப் பார்த்தேன். 1966-ல் அமெரிக்காவில் வெளியான 'பேட்மேன்'. 2008-ல் ப்ளூ-ரே டிஸ்க்காக வந்தது.

வௌவால் வேஷம் போட்ட அந்த வீரனைப் பற்றி இப்போது வருகிற படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க உட்காரக் கூடாது. இப்போதைய வௌவால் வீரன் இருட்டில் நின்றுகொண்டு உலகத்தின் துயரத்தையெல்லாம் தோளில் சுமக்கிறான். 1966-ஆம் வருஷத்து வீரனோ, திரி எரிகிற ஒரு கறுப்புக் குண்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் துறைமுகத்தில் ஓடுகிறான். எங்கே போட? இந்தப் பக்கம் கன்னியாஸ்திரீகள். அந்தப் பக்கம் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு தாய். தண்ணீரில் போடலாமென்றால் அங்கே வாத்துக் குஞ்சுகள்! கோமாளித்தனம்தான். ஆனால் கதாநாயகராக நடித்த ஆடம் வெஸ்ட் ஒரு தடவைகூடச் சிரிப்பதில்லை. சட்டசபையில் பிரசங்கம் செய்கிறவர்போல அவ்வளவு கம்பீரமாகப் பேசுகிறார். சிரிக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் நம்முடையது.

அந்த வருஷம் ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி அமர்க்களப்பட்ட தொடரின் ஜோரில், லெஸ்லி மார்ட்டின்ஸன் என்பவர் டைரக்ட் செய்து, ஜூலை மாதமே திரைக்குக் கொண்டுவந்த படம் இது. நான் அதை முதலில் பார்த்தது 1980-களில், வாடகைக் காஸெட்டில். பிரதிக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியையும் ஊரெல்லாம் ஓட்டித் தேய்த்த காஸெட். வர்ணங்கள் எல்லாம் சலவைக்குப் போய்வந்த வேஷ்டிபோல வெளிறியிருந்தன. திரையின் அடியில் எப்போதும் ஒரு கோடு நெளிந்துகொண்டே இருந்தது. பாத்திரங்கள் பேசியது, குழாயடியில் யாரோ பேசுவதுபோலக் கேட்டது. ஆனாலும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பையன், அதாவது இந்தப் பேரனின் அப்பன், கண்ணைக்கூட இமைக்கவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். காஸெட்டுக்குப் பிறகு வந்த டிவிடியில் ஒரு படத்துக்குச் சுமார் மூன்றரை லட்சம் புள்ளிகள். ப்ளூ-ரேயில் அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080. பெருக்கினால் இருபது லட்சத்துக்கும் மேல். எடுத்தவர்கள் காட்ட நினைத்ததும் தெரியும். காட்ட நினைக்காததும் தெரியும்.

முதலில் கண்ணில் பட்டது வர்ணந்தான். அடடா! ஜோக்கரின் பச்சைத் தலைமயிர், புதிர்க்காரனின் பச்சை உடுப்பு, பென்குயினின் ஊதாத் தொப்பி, வீரனின் நீலப் போர்வை என்று தீபாவளிக்கு ஜவுளிக்கடையைத் திறந்து வைத்ததுபோல இருந்தது. நாற்பது வருஷமாக நான் சாம்பல் நிறம் என்று நினைத்திருந்த பல சங்கதிகள் சாம்பலே அல்ல என்று தெரிந்துகொண்டேன்.

"படம் முழுக்க மணல் மாதிரி என்னமோ நெளியுதே தாத்தா, டிஸ்க்கு கெட்டுப்போச்சா?" என்றான் பேரன்.

"அது கேடு இல்லடா, அதுதான் படமே" என்றேன். பிலிம் என்பது வெள்ளி உப்பின் நுண்ணிய துகள்களைப் பூசிய சுருள். வெளிச்சம் பட்ட துகள்களே உருவமாகின்றன. வர்ணப் படத்தைக் கழுவும்போது வெள்ளி போய்விடும். அது இருந்த இடத்தில் சாயத்தின் சின்னத் திட்டுக்கள் நிற்கும். அவைதாம் அந்த மணல். கம்ப்யூட்டரைக் கொண்டு அதைத் துடைத்துவிடலாம். சில பழைய படங்களில் அப்படித் துடைத்தும் இருக்கிறார்கள். ஆனால் மணலோடு முகத்துச் சுருக்கமும் தோலின் சொரசொரப்பும் சேர்ந்தே போய்விடும். மிஞ்சுவது மெழுகுப் பொம்மை.

இந்த உபந்நியாசம் நடந்துகொண்டிருக்கும்போதே பேரன் துள்ளி எழுந்தான். "தாத்தா! ஜோக்கருக்கு மீசை இருக்கு! மேலே வெள்ளையா அப்பி மறைச்சிருக்காங்க!"

படத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வாஸ்தவம். வெள்ளை அரிதாரத்துக்குள் சாக்ஷாத் மீசை. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. ஜோக்கராக நடித்த ஸீஸர் ரொமெரோ, பழைய ஹாலிவுட் படங்களில் காதல் நாயகனாகப் பேர் வாங்கியவர். மீசைதான் அவருடைய அடையாளம். இந்த வேஷத்துக்காக அதை மழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒப்பனைக்காரர்கள் மீசையின் மேலேயே வெள்ளையைப் பூசினார்கள். மங்கலான திரைகளின் தயவில் அது பெரும்பாலும் ஒளிந்து பிழைத்தது. டிஸ்க்கு வந்து காட்டிக் கொடுத்துவிட்டது.

உடனே மகனுக்கு டெலிபோன் செய்தோம். "ஜோக்கருக்கு மீசையா? கிடையவே கிடையாது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குப்பா" என்று சாதித்தான் அவன். அவன் பார்த்த படம் வேறு. அதில் மீசை இல்லைதான்.

பிறகு சுறா வந்தது. ஹெலிகாப்டரிலிருந்து தொங்கும் ஏணியில் வீரன் நிற்க, அவன் காலைக் கவ்விக்கொண்டு ஒரு சுறாமீன் தொங்குகிறது. மேலிருந்து துணைவன் ராபின் சுறாவை விரட்டும் மருந்துக் குப்பியைக் கொண்டுவந்து தருகிறான். அந்தச் சுறா அசல் ரப்பர் என்பது காஸெட்டிலேயே தெரிந்ததுதான். இப்போது ரப்பரின் பளபளப்பும் தெரிந்தது. அவ்வளவே வித்தியாசம். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ஏமாற்ற நினைக்காதவனின் குட்டு எப்படி வெளிப்படும்?

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1966-ல் இந்தப் படத்துக்கு ஒலி ஒரே வழியில்தான். டிஸ்க்கில் அதை ஆறு வழியாகவும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பிராங்க் ஸினாட்ராவின் பாட்டுக்களுக்கு வாத்தியம் அமைத்த நெல்ஸன் ரிட்டிலின் இசை, எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் சுற்றிச் சுற்றி வந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அறுபதைத் தாண்டிய என் காதுக்கு ஓர் ஐயம். பேச்சு நடுவில் நிற்க, வாத்தியங்கள் மட்டும் அறையெங்கும் உலாவினால், பந்தியில் ஒருவர் சாப்பிட மற்றவர் தெருவில் நிற்பதுபோல இருக்கிறது. "சுத்தி இருக்கிற பெட்டியெல்லாம் அணைச்சுடுடா" என்றேன். டெலிவிஷனின் சொந்தக் குரலில் கேட்டோம். குத்தும் தாரையும் வசனமும் ஒரே இடத்திலிருந்து ஒன்றாகப் புறப்பட்டு வந்தன. ஆழம் குறைவுதான், ஆனால் எல்லோரும் ஒரு வீட்டுக்காரர்கள்.

ராத்திரி மேஜைக்குத் திரும்பினேன். அடித்துப்போட்ட ஒன்பதாம் அத்தியாயம் அப்படியே கிடந்தது. கதையில் வரும் கிழவர் இறந்துபோகும் அத்தியாயம் அது. என் தகப்பனாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உட்கார்ந்து எழுதியது. ஒரே அழுகை, சொன்னதையே மூன்று தடவை சொல்லியிருக்கிறேன், இன்றைக்கு ஒரு மாணவன் எழுதிக் கொண்டுவந்தால் பாதியைக் குறைக்கச் சொல்வேன். வெட்கமாக இருந்தது, அதனால்தான் அடித்தேன்.

ஆனால் எதைத் துடைக்கலாம், எதைத் துடைக்கக் கூடாது? பழைய பிலிமில் ஒட்டிய தூசியையும் கீறலையும் துடைக்க வேண்டியதுதான். அவை எடுத்தவர்கள் வைத்தவை அல்ல, காலம் போட்டவை. என் நாவலில் அச்சுப் பிழைகள் அந்த ஜாதி. மீசை அப்படியல்ல. அன்றைக்கு அந்த மனிதர் அந்த முகத்தோடு வந்து நின்றார். இன்றைக்கு மழித்தால், நன்றாக இருக்கலாம். ஆனால் அங்கே நின்றவர் அவராக இருக்க மாட்டார்.

அச்சுப் பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பினேன். நாலாம் நாள் பதிப்பாளர் கூப்பிட்டார். "எல்லாம் சரி ஸார், அந்த ஒன்பதாவது அத்தியாயந்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"அது மீசை, ஐயா. இருந்துவிட்டுப் போகட்டும்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிஸ்க்கை அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.