லோக்கல் பீர்

போன மாதம் என் பேரன் தன் கூட்டாளிகள் நாலு பேருடன் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினான். எல்லாம் இசைக் கோஷ்டி. கிட்டார் இரண்டு, பெட்டி மாதிரி ஒரு மேளம் (அதன் மேலேயே உட்கார்ந்து தட்டுகிறார்கள்), சின்னக் கீபோர்டு ஒன்று. புதுச்சேரி, நாகப்பட்டினம், தொண்டி என்று கடற்கரையோரமாகவே வந்து, வழியில் நண்பர்கள் வீட்டில் தங்கி, நான்காம் நாள் மண்டபத்தில் நம் வீடு. இட்லி சாப்பிட்டுக் கை கழுவும்போது அதில் ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "தாத்தா, ஒவ்வொரு ஊர்லயும் அந்த ஊர் பீர் குடிச்சுப் பாக்கணும்னு ஒரு பிளான். இங்க லோக்கல் பீர்னு ஏதாவது இருக்கா?"

என் பேரன் அவன் காலை மிதித்ததை நான் பார்த்தேன். "டாஸ்மாக்ல சென்னையில கிடைக்கிறதுதான் இங்கயும் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டேன். அதற்குமேல் அவர்களிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வங்கியில் சேர்ந்த புதிதில் மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் அக்கார்டியன் வாசித்தேன் என்று முன்பே ஒரு பதிவில் எழுதியிருக்கிறேன். 1983 சித்திரையில் எங்களுக்கு மூன்று கச்சேரி சேர்ந்தாற்போல் கிடைத்தது. பரமக்குடி, உச்சிப்புளிப் பக்கம் ஒரு கிராமம், கடைசியாகப் பாம்பன். ஒரு மெட்டடார் வேன் பேசிக்கொண்டோம். ஒன்பது பேர், வாத்தியங்கள், மைக் செட். லாட்ஜுக்குக் கொடுக்கப் பணம் கிடையாது. ஆகவே தங்கல் எல்லாம் நண்பர்கள் வீடுதான்.

குழுவில் தபேலா வாசித்தவரை அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ராமநாதபுரத்துக்காரர். சின்ன வயதில் முறையாக மிருதங்கம் கற்றவர். ராமநாதபுரம் முருகபூபதி பெயரை யாராவது சொன்னால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். மிருதங்கத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாமல் தபேலாவுக்கு வந்தவர். என்னைவிட எட்டு வயது பெரியவர். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, வெற்றிலைகூடப் போடமாட்டார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. மேடை ஏறுமுன் கை நடுங்கும். எத்தனை வருஷம் வாசித்தும் அது போகவில்லை. வெந்நீர் கேட்டு வாங்கி இரண்டு கையையும் அதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். முதல் இரண்டு பாட்டு கொஞ்சம் இறுக்கமாகவே போகும். மூன்றாவது பாட்டில்தான் அண்ணன் வந்து சேருவார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அந்தக் காலத்தில் கள்ளுக்கடை உண்டு என்பது இப்போது பலருக்கு மறந்திருக்கும். 1971-இல் திறந்தார்கள், பிறகு மூடினார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து கள் இல்லை. அந்த இடைப்பட்ட ஐந்தாறு வருஷத்தில்தான் எங்கள் பயணம் வந்து விழுந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒவ்வொரு ஊர்க் கள்ளையும் ருசி பார்ப்பது என்று நானும் கிட்டார்காரனும் கங்கணம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். அந்தப் பையன் கேட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்.

பரமக்குடியில் ஒரு நெசவாளர் வீட்டில் தங்கினோம். சௌராஷ்டிரக் குடும்பம். தறி ஓடுகிற கூடத்திலேயே பாய் விரித்துத் தந்தார்கள். விடிகாலையில் தறிச் சத்தம் கேட்டு அண்ணன் எழுந்து உட்கார்ந்து அதற்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊர்க் கடைக் கள் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. புளித்துப்போய், தண்ணீர் கலந்து. இரண்டு வாய்க்கு மேல் என்னால் முடியவில்லை.

மறுநாள் ராமநாதபுரத்திலிருந்து திருப்பிக் கீழக்கரை போனோம். என் கல்லூரி நண்பர் வீடு. மரைக்காயர் குடும்பம், அங்கே அந்தப் பேச்சே எடுக்க முடியாது. அதற்குப் பதில் நன்னாரி சர்பத்தும் தொதலும் வந்தன. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டுகிற அந்தத் தொதலைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், வேறு எதுவும் வேண்டியிருக்காது. என் நண்பரின் வாப்பா அண்ணனைத் தபேலா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தெரிந்த வீட்டில், நாலு பேர் முன்னால் அண்ணனுக்குக் கை நடுங்கவே இல்லை. ஒரு மணி நேரம் வாசித்தார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனதை நான் பார்த்தேன். அத்தோடு அந்தப் பயணம் முடிந்திருக்கலாம்.

உச்சிப்புளியில்தான் உண்மையான கள். கச்சேரி முடிந்து விடிந்ததும் நண்பர் தன் பனந்தோப்புக்குக் கூட்டிப்போனார். தோப்பில் வைத்துக் குடிப்பது சட்டப்படி சரிதானா என்று அன்று யாரும் கேட்கவில்லை. பனையேறி அப்போதுதான் இறங்கியிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மார்பெல்லாம் மரம் உரசிக் காய்ப்பு. ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஒவ்வொரு மரமும் ஏறி இறங்கிப் பாளையைச் சீவிவிட வேண்டும், ஒருநாள் விட்டால் பாளை காய்ந்துவிடும் என்றார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை, சுண்ணாம்பு ஒன்றுதான் நடுவில். ஓலையை மடித்துப் பட்டை பிடித்து ஊற்றினார். காலைக் கள் இளநீர்போல் இனிப்பு, அடியில் லேசாகச் சுரீர் என்று ஒரு புளிப்பு. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும், சாயங்காலம் வேறு சரக்காகிவிடும். கடலோர மரத்துக் கள்ளில் ஒரு உப்புக் கரிப்பு உண்டு என்று சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சொன்னதால் தோன்றியதோ என்னவோ.

அண்ணன் பதநீர் மட்டும் குடித்தார். "தம்பி, இதுல சுண்ணாம்பு இருக்குல்ல?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டுதான் பட்டையை வாயில் வைத்தார். நாங்கள் சிரித்தோம். ஒரு சின்னக் கலயம் நிறையக் கள்ளை நண்பர் வழிக்குக் கொடுத்தார். பதநீரும் கொடுத்தார், அதை அண்ணன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அன்று மண்டபம் வந்து கேம்ப்பில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த நண்பரின் குவார்ட்டர்ஸில் இறங்கினோம். அவர் எங்களுக்காக ராமநாதபுரத்திலிருந்து மூன்று பாட்டில் பீர் வாங்கி வைத்திருந்தார். அது அப்போது பெரிய மரியாதை. ஆனால் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மீன் ஐஸ் உடைக்கிற கம்பெனிக்குச் சைக்கிளில் போய் ஒரு பாளம் வாங்கி வந்து வாளியில் போட்டார். பீர் குளிர்ந்தது உண்மை. பாட்டில், தம்ளர், எங்கள் கை எல்லாம் சூடை மீன் வாடை. என் வாழ்க்கையில் நான் குடித்த முதல் பீர் அது. அந்தப் பையனிடம் இதைச் சொல்லியிருக்கலாம், லோக்கல் பீர் என்றால் அதுதான்.

ரோடு பாலம் இல்லாத காலம். 1988 அக்டோபர் 2-ஆம் தேதி திறந்தபிறகு வந்தவர்களுக்குத் தெரியாது, அதற்கு முன் எந்த வண்டியாக இருந்தாலும் மண்டபத்தோடு சரி. வேனை ஸ்டேஷன் பக்கம் நிறுத்திவிட்டு வாத்தியங்களைத் தோளிலும் தலையிலும் தூக்கிப் பாம்பனுக்கு ரயில் ஏறினோம். மீட்டர் கேஜ் வண்டி. பாலத்தின் மேல் ஊர்ந்துதான் போகும். ஜன்னலுக்குக் கீழே பார்த்தால் தண்டவாளம்கூடத் தெரியாது, தண்ணீர்தான். இடது கைப்பக்கம் பெண்கடல் குளம்மாதிரி கிடக்க, வலது கைப்பக்கம் ஆண்கடல் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தூணைத் தாண்டும்போதும் சக்கரம் ஒரு மாதிரி தட்டும், நடுவில் தூக்குப் பாலம் வந்ததும் சத்தமே மாறும். அண்ணன் என் தொடையில் அதை வாசித்துக்கொண்டே வந்தார். "பாரு தம்பி, அஞ்சு அஞ்சா வந்துச்சு, இங்க வந்து ஏழாயிருச்சு" என்றார். அது நிஜமாகவே அப்படி வந்ததா என்று எனக்குக் கணக்குத் தெரியாது.

பாம்பனில் கடற்கரையிலேயே மேடை. மூவாயிரம் பேராவது இருப்பார்கள். மீனவர்கள் அன்று கடலுக்குப் போகவில்லை. உப்புக் காற்றில் தபேலாத் தோல் தொய்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. என் அக்கார்டியனுக்கு இறங்கத் தெரியாது, அதனால் அவர்தான் ஏறி வர வேண்டும். மேடைக்குப் பின்னால் பெட்ரோமாக்ஸ் பக்கத்தில் வைத்துத் தபேலாவைக் காய வைத்தார், சுத்தியலால் கட்டையைத் தட்டினார், மறுபடி காய வைத்தார். வெந்நீர் கிடைக்கவில்லை. சுத்தியல் பிடித்த கையே நடுங்கியது. அப்படி ஒரு நடுக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "என்னால முடியாது தம்பி, டோலக்கை வச்சு ஓட்டிருங்க" என்றார்.

உச்சிப்புளிக் கள்ளில் மிச்சத்தை நான் காபி பிளாஸ்கில் ஊற்றி எடுத்து வந்திருந்தேன். வழியில் இரண்டு தரம் மூடி தானாகவே டப் என்று தெறித்தது. தம்ளரில் பாதி ஊற்றி அவரிடம் நீட்டினேன். அவர் வேண்டாம் என்றார். நான், "மருந்துன்னு நெனச்சுக்குங்கண்ணே, அரைத் தம்ளர்தானே" என்றேன். இரண்டாம் தரமும் வேண்டாம் என்றார். மூன்றாம் தரம் நான் அவர் கையைப் பிடித்துத் தம்ளரை வைத்தேன்.

அன்று அவர் கை தவறியிருந்தால் எவ்வளவோ நல்லது. தவறவில்லை. முதல் பாட்டிலேயே அண்ணன் வந்துவிட்டார். கடற்கரை ஊரில் 'படகோட்டி' பாட்டு இல்லாமல் மேடையிலிருந்து இறங்க முடியாது. அதை எடுத்ததும் கூட்டம் எழுந்து நின்றது. நடுவில் பின்னணி இசை வருகிற இடத்தில் எங்களையெல்லாம் கையமர்த்திவிட்டு, சாயங்காலம் என் தொடையில் வாசித்த அந்த ரயிலை வாசித்தார். கரையிலிருந்து கிளம்பி, பாலத்தில் ஏறி, தூக்குப் பாலத்தில் சத்தம் மாறி, பாம்பன் வந்து நின்றது. ஒரு நிமிஷம் இருக்குமா? ஊரே கத்தியது. தினமும் கேட்கிற சத்தம் அவர்களுக்கு. ஒரு பெரியவர் மேடை ஏறி வந்து பத்து ரூபாய் நோட்டை அவர் சட்டையில் குத்தினார்.

இறங்கி வந்தவர் என்னைக் கட்டிக்கொண்டு, "இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாமப் போச்சே தம்பி" என்றார். நான் பெருமைப்பட்டேன். உண்மையைச் சொல்ல உட்கார்ந்த பிறகு அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த கச்சேரிக்குப் பிளாஸ்க் எங்கே என்று அவராகவே கேட்டார். பனங்கள் இல்லாத மாதங்களில் வேறு ஏதோ. 1986-இல் எனக்குப் பதவி உயர்வு வந்து கோயம்புத்தூர் மாற்றலாகிப் போனேன். அதற்குள் மேடை இல்லாத நாளிலும் அவருக்கு அது வேண்டியிருந்தது. கள்ளுக்கடை மூடியபிறகு பாட்டில்தான். குழுவில் எடுத்துவிட்டார்கள். 1994-இல் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தேழு வயது. தந்தி எனக்கு மூன்று நாள் கழித்துக் கிடைத்தது.

அவரைக் கொன்றது கள் இல்லை, பிறகு வந்த சரக்குதான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதில் உண்மையும் இருக்கலாம். இப்போது கள்ளுக்குத் தடை நீக்கச் சொல்லி எழுப்புகிற குரலில், பனையேறிகளை நினைத்தால் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் அந்தப் பேச்சு வரும்போது நான் எழுந்து போய்விடுவேன். என் நண்பர்கள் அதைக் கொள்கை என்று நினைக்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ராமநாதபுரத்தில் மதினியைப் பார்க்கப் போனேன். எண்பதை நெருங்குகிறார்கள், காது கொஞ்சம் மந்தம். அண்ணனின் தபேலாச் சுத்தியலை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார்கள். பிறகு திடீரென்று, "தம்பி, உங்க அண்ணன் கல்யாணம் ஆனப்ப டீகூடக் குடிக்கமாட்டாக. இது எங்க ஆரம்பிச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

"தெரியலையே மதினி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பிள்ளைகளை மறுநாள் காலையில் உச்சிப்புளிப் பக்கம் கூட்டிப்போய்ப் பதநீர் வாங்கிக் கொடுத்தேன். பட்டையில் குடிக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டார்கள். பெட்டி மேளக்காரப் பையன், "தாத்தா, இது புளிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டான். "சுண்ணாம்பு இருக்கு, புளிக்காது" என்றேன்.

மதினிக்கு இதெல்லாம் படிக்கக் கண் தெரியாது. ஆனால் அவர்கள் மகள் இங்கே நான் எழுதுவதை விடாமல் படிக்கிறாள், போன பதிவுக்குக்கூட ஒரு வரி எழுதியிருந்தாள். அம்மா, உன்னிடம்தான் கேட்கிறேன். இதை உங்கள் அம்மாவிடம் கொஞ்சம் சத்தமாக வாசித்துக் காட்டு. வெள்ளிக்கிழமை காலை வண்டியில் நான் வருகிறேன். சுத்தியலையும் எடுத்து வருகிறேன். அது என்னிடம் இருக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும்.