ஊர்க்காரர் யார்?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை ஒட்டியது ஆரியசாலை. இங்கே தமிழும் மலையாளமும் கலந்தே பேரம் நடக்கிறது. நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி குமரி மாவட்டத்திலிருந்து வந்து இங்குள்ள கோயிலில்தான் தங்குகிறார். 1956இல் மாநில எல்லை மாறியது, வழக்கம் மாறவில்லை. களியக்காவிளையில் இரு மாநிலப் போலீசாரும் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள்.

ஊர்க்காரர் யார், விருந்தாளி யார்? கால்பந்திலும் இதே கேள்விதான். 2022 உலகக் கோப்பையில் அரையிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணி மொராக்கோ. அதன் 26 வீரர்களில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஸ்பெயினை வெளியேற்றிய கடைசி பெனால்டியை அடித்த ஹக்கிமி பிறந்தது மாட்ரிடில். போர்ச்சுகலைச் சாய்த்த ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்ட என்-நெசிரியோ ஃபெஸ் நகரத்துப் பிள்ளை. உள்நாட்டு அகாடமியில் வளர்ந்தவர். வந்தவர், வளர்ந்தவரின் வாய்ப்பைப் பறிக்கவில்லை.

இந்தியாவில் கதை வேறு. இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஜப்பானில் பிறந்த இசுமி அரட்டா, அந்நாட்டுக் குடியுரிமையைத் துறந்த பிறகே 2013இல் இந்தியாவுக்கு ஆட முடிந்தது. எல்லோருக்கும் அந்தத் துணிவு வராது. ஆனால் சட்டத்தைத் தளர்த்தினால் மட்டும் கோல் விழுந்துவிடாது. ஹக்கிமிகளை அழைத்த மொராக்கோ, என்-நெசிரிகளை வளர்க்கவும் பணம் செலவழித்தது. பாஸ்போர்ட்டைப் பற்றி வாதாடுபவர்கள் மறப்பது அந்த இரண்டாவது பாதியைத்தான்.