ஒரு கொழுந்துக்கு ஆறு படங்கள்

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்கு வருபவர்கள் தேயிலைச் சரிவைப் படமெடுக்காமல் திரும்புவதில்லை. அந்தப் படங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பச்சைக்கு நடுவே சின்னப் புள்ளிகளாகத் தெரிவார்கள், அவ்வளவுதான். அப்படி ஒரு பெண்ணை ஒரு சாண் உயரப் பொம்மையாகச் செய்து, அவர் கை போகும் விதத்தை அசைவு அசைவாகப் படம்பிடிக்கும் அண்ணன் தங்கையைப் பார்க்க ஓர் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் செய்வது ஸ்டாப் மோஷன். பொம்மையைத் துளி நகர்த்தி ஒரு படம், இன்னும் துளி நகர்த்தி இன்னொரு படம். நொடிக்கு 12 படம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நிமிடக் காட்சிக்கு 720 படங்கள்.

பொம்மையின் உடம்புக்குள் இருப்பது அலுமினியக் கம்பி. கட்டுக்கம்பியில் தொடங்கியிருக்கிறார்கள். வளைத்த இடத்தில் நிற்காமல் அது விறைத்துத் திரும்பியதால், கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடை ஒன்றில் அலுமினியக் கம்பி வாங்கி, இரண்டு இழையாக முறுக்கிக்கொண்டார்கள். தோள், இடுப்பு, முழங்கால் போன்ற மூட்டுகள் தவிர மற்ற இடங்களில் எம்-சீல் பூசி இறுக்கியிருக்கிறார்கள். எலும்பு வளையாது, மூட்டு மட்டும் வளையும். உடம்பு முழுக்கக் களிமண் அப்பினால் பாரம் தாங்காமல் பொம்மை சாயும் என்பதால் தலையும் கைகளும் மட்டுமே எண்ணெய்க் களிமண். மற்றதெல்லாம் கம்பளி நூலும் பழைய சேலைத் துணியும். பாதத்துக்குள் ஒரு நட்டைப் பதித்திருக்கிறார்கள். பழைய டீப்பெட்டிப் பலகையில் துளை போட்டு, அடியிலிருந்து போல்ட் முடுக்கினால் ஒற்றைக் காலிலும் பொம்மை நிற்கும்.

கேமரா, அண்ணனின் பழைய செல்போன். ஸ்டாண்டின் கால்களை வீட்டு அம்மிக்கல்லோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். போனைத் தொட்டால் சட்டகம் ஒரு மயிரிழை நகரும், படத்தில் மலையே குலுங்கும். அதனால் ஹெட்போன் ஒயரில் இருக்கும் வால்யூம் பட்டனை அழுத்திப் படமெடுக்கிறார்கள். முந்தின படம் திரையில் மங்கலாகத் தெரிய, அதன்மேல் அடுத்த அசைவைப் பொருத்திப் பார்க்கும் வசதி அவர்கள் பயன்படுத்தும் செயலியிலேயே இருக்கிறது. போகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிட்டுத்தான் தங்கை பொம்மையைத் தொடுகிறாள்.

வால்பாறையில் இந்தக் கலைக்கு முதல் எதிரி வெளிச்சம். பளீரென்று வெயில் அடிக்கும்போதே மூடுபனி இறங்கிவிடும். ஒரு படம் வெளுத்தும் அடுத்தது இருண்டும் வந்தால், ஓட்டிப் பார்க்கையில் காட்சி சிமிட்டும். ஜன்னலைத் தார்ப்பாயால் மூடி, இரவில் எல்இடி விளக்கு வைத்து எடுக்கிறார்கள். மலிவான விளக்கு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். ஷட்டர் வேகத்தை நொடியில் 50-இல் ஒரு பங்கு என்று வைத்தால் அந்தத் துடிப்பு அடங்குகிறது. தகரக் கூரையில் மழை எவ்வளவு அறைந்தாலும் கவலையில்லை. ஒலியைப் பிறகுதான் சேர்க்கிறார்கள்.

இரண்டாவது எதிரி இலை. கவ்வாத்து வெட்டிய குச்சிகளில் நிஜத் தேயிலையைச் செருகி எடுத்த காட்சியைக் காட்டினார்கள். இலை மெல்ல வாட, ஓட்டும்போது செடி முழுக்க நடுங்கியது. இப்போது சாயம் தோய்த்த ஸ்பான்ஜ் துணுக்குகள்தான் இலை. இந்திய சினிமாவின் முன்னோடி தாதாசாகேப் பால்கே, செடி மாறிக்கொண்டே இருக்கும் இந்த இயல்பைத்தான் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 1912-இல் லண்டனிலிருந்து திரும்பியதும், 'ராஜா ஹரிச்சந்திரா' படத்துக்குப் பணம் திரட்ட, வீட்டுத் தொட்டியில் விதை போட்டு அது முளைத்து வளர்வதைச் சிறிது சிறிதாகப் பதிவுசெய்து காட்டினார். பிறகு 1915-இல் தீக்குச்சிகளையே நடிக்க வைத்து ஒரு படம் எடுத்தார். இந்தியாவில் இந்தக் கலை தொடங்கியதே ஒரு வீட்டில்தான்.

சாயங்காலம் வேலை முடிந்து அம்மா வந்தார். பிள்ளைகள் எடுத்துவைத்த காட்சியைப் போனில் ஓட்டினார்கள். பொம்மையின் கை செடிக்குப் போய், கொழுந்தைப் பிடித்து மேலே இழுத்தது.

"கை அப்படிப் போகாதுப்பா. இழுத்தா நார் கிழியும்" என்றார். என் முகத்துக்கு நேரே கையை நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இல்லாத தண்டு ஒன்றை வைத்து ஒடித்துக் காட்டினார். மணிக்கட்டு அசையவே இல்லை. விரல் மட்டும் சற்றே திரும்பியது. ரெண்டு இலை, ஒரு மொட்டு. கை நிறைந்த பிறகுதான் தோளுக்கு மேலாக முதுகுப் பைக்குள் வீச்சு.

"இன்னொரு தடவ செய்ம்மா" என்று மகள் வீடியோ எடுத்தாள். ஒவ்வொரு ஒடிப்புக்கும் அரை நொடி. 12 படக் கணக்கில் ஒரு கொழுந்துக்கு ஆறு படம். விரல் செடியை நெருங்க மூன்று, ஒடிக்க ஒன்று, திரும்ப இரண்டு என்று அண்ணன் நோட்டில் பிரித்தெழுதினார். ஒடிக்கும் படம் ஒன்றே ஒன்று என்பதால்தான் திரையில் அந்த 'டக்' தெரியும்.

அம்மா விடவில்லை. "பை நெறஞ்சா இப்படி நிமிர்ந்து நிக்க முடியுமா? இடுப்புல கட்டுற பிளாஸ்டிக் சீட்டு எங்க? அட்டை ஏறாதா?" மறுநாள் பொம்மையின் இடுப்பில் சீட்டு ஏறியது. முதுகுப் பை கனக்கக் கனக்க உடம்பு முன்னே சாயும்படி ஒவ்வொரு படத்திலும் இடுப்பைச் சிறிது வளைத்தார்கள். காகிதம் திணித்த பைக்கு அந்தச் சாய்வில்தான் எடை வந்தது.

சுரேஷ் எரியாட்டின் குழு மும்பையில் களிமண்ணால் செய்த 'டோக்ரி' (2017) படத்தில், கூடை விற்கப் போகும் ஒரு சிறுமியின் மனது அவள் நடையிலேயே தெரியும். அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டூடியோவின் பல வருட உழைப்பு இருக்கிறது. இந்த லைன் வீட்டில் ஒரு விளக்கும் ஒரு போனும் மட்டுமே. ஆனால் உழைக்கிற உடம்பு எப்படி அசையும் என்று தெரிந்தவர் அடுப்படியிலேயே இருக்கிறார். கம்பியும் களிமண்ணும் எந்த ஊரிலும் கிடைக்கும், இந்த அறிவு கடையில் கிடைக்காது. தேயிலைக் காட்டில் எத்தனையோ சினிமாப் பாட்டுகள் எடுத்துவிட்டார்கள். ஒரு விரல் தண்டை ஒடிப்பதை இவ்வளவு பக்கத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மலைப் பள்ளிகளின் ஓவிய வகுப்பில் ஸ்டாப் மோஷனுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். போன் ஆசிரியரிடமே இருக்கும், கம்பியும் எம்-சீலும் கடைத்தெருவில் கிடைக்கும். பொம்மை எப்படி அசைய வேண்டும் என்று கற்றுத்தர எஸ்டேட் தாய்மார்களை வாத்தியார்களாகவே அழைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் பயிற்சியாளருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.