பாஞ்சாலங்குறிச்சியின் மண்மதில்

ஒட்டப்பிடாரத்தைக் கடந்து பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர், 1974-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய ஞாபகார்த்தக் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, ஜக்கம்மாளைத் தரிசித்துத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும் பழைய அஸ்திவாரங்களே கட்டபொம்மனின் மெய்யான கோட்டையாதலால், அங்கேதான் நெடுநேரம் நிற்க வேண்டும் என்பேன்.

ஏறக்குறைய 500 அடி நீளமும் 300 அடி அகலமும் 12 அடி உயரமும் கொண்டிருந்த அக்கோட்டை முற்றிலும் மண்ணாலானது. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பெனியார், கோட்டையையும் இடித்துவிட்டு, அத்துடன் காரியம் முடிந்ததென்று நினைத்தார்கள். ஆனால் 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில தினங்களில் மேஜர் மெக்காலே படையுடன் வந்து பார்த்தபோது, இடித்த இடத்தில் கோட்டை மறுபடி நின்றது! சம்பளத்துக்கு அமர்த்திய கொத்தர்களால் அத்தனை விரைவில் ஆகக்கூடிய வேலையா அது? சுற்றுவட்டார ஜனங்கள் இரவு பகலாக மண் சுமந்தாலன்றி அது எழுந்திராது. மார்ச் 31-ஆம் தேதி அதன்மீது பாய்ந்த கும்பெனிப் படை பெருஞ்சேதத்துடன் பின்வாங்கிற்று. கர்னல் அக்னியூ புதிய சேனையும் பீரங்கிகளுமாக வந்து சேர்ந்த பிறகே, மே 24-ஆம் தேதி கோட்டை வீழ்ந்தது.

அந்த முற்றுகையில் எதிரணியில் நின்று போரிட்ட வெல்ஷ் என்னும் அதிகாரி, பின்னர் தம் நினைவுநூலில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். போர்க்களத்தில் மகனைத் தேடிச் சென்ற ஒரு தாய், உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த அவனைக் கண்டு தூக்க முயன்றபோது, அவனோ தன்னை விட்டுவிட்டு, அருகே காயமுற்றுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி வேண்டினான். சாமி என்றது ஊமைத்துரையை. அவரை வீட்டுக்குக் கொண்டுசென்ற பெண்கள், கும்பெனியார் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடிவந்த சமயத்தில் அவர்மேல் துணியைப் போர்த்தி, பிள்ளை அம்மை கண்டு இறந்துபோனான் என்று ஒப்பாரி வைக்கவே, வந்தவர்கள் அஞ்சி ஓடினார்கள். பெற்ற மகனைக் களத்தில் விட்டுவந்த அத்தாயின் பெயரை நாம் அறியோம். இந்த மண்ணைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவளைத்தான் முதலில் நினைக்கிறேன்.

உயிர்பிழைத்த ஊமைத்துரை மருது சகோதரர்களுடன் சேர்ந்து காளையார்கோயில் வரை போராடிப் பிடிபட்டார். நவம்பர் 16-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். இம்முறை கும்பெனியார் மதிலை இடித்ததோடு நில்லாமல், அந்நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று அப்பக்கத்தார் இன்றும் சொல்வார்கள்.