நோயுற்றது மீனா, நீரா?

மருத்துவனுக்குக் கிடைக்கும் முதற் சான்று நோயாளியின் வாய்மொழியே. எங்கே வலிக்கின்றது, எப்போது தொடங்கியது, நேற்று என்ன உண்டான் என்பனவற்றை அவன் கூறிவிடின், நோயறியும் பணியிற் பாதி முடிந்துவிடுகின்றது. கண்ணாடித் தொட்டியுள் வாழும் மீனுக்கோ இவ்வாய்ப்பு இல்லை. அது வாயைத் திறந்து மூடுகின்றது, சொல் வருவதில்லை. எனவே காண்பவர் யாவரும் தத்தம் மனப்போக்கிற்கேற்ப அவ்வாயசைவிற்குப் பொருள் கற்பித்துவிடுகின்றனர்.

யாழ்ப்பாணத்திலுள்ள எமது வீட்டின் விறாந்தையில் ஒரு மீன்தொட்டி உண்டு. அண்ணன் கடல்கடந்து சென்றபோது விட்டுச்சென்ற ஆறு பொன்மீன்கள் அதில் வாழ்ந்தன. அவற்றிற்கு உணவிடும் வேளைகளில், அண்ணனோடு பேசும் குரலிலேயே அம்மா பேசுவார். சென்ற சித்திரைப் புத்தாண்டிற்கு வீட்டைத் துப்புரவு செய்தபோது தொட்டியையும் அவர் விட்டுவைக்கவில்லை. கற்களைக் கொதிநீரிற் கழுவி, வடிகட்டியின் பஞ்சை வெயிலிற் காயவைத்து, புதுநீர் நிரப்பினார். நீர் பளிங்குபோல் இருந்தது. ஐந்தாம் நாள் ஆறு மீன்களும் நீர்மட்டத்திற்கு வந்து வாயைப் பிளந்தன.

“பிள்ளை, இதுகளுக்குப் பசிபோலை கிடக்கு” என்று அம்மா மேலும் ஒரு பிடி உணவைத் தூவினார். அயல்வீட்டு மாமி கண்ணூறு என்றார். மீன் விற்கும் கடைக்காரரோ ஒன்றுமே வினவாது நீலநிற மருந்துப் போத்தல் ஒன்றைத் தந்தார். நோயாளியை உற்றுநோக்காமலே மூன்று தீர்ப்புகள் வழங்கப்பட்டுவிட்டன.

அன்று மாலை தொட்டியின் முன் அமர்ந்தேன். உப்புத்தூள் சிதறியதுபோன்ற வெண்புள்ளிகள் உடலிற் காணப்படின், அது ஓர் ஒட்டுண்ணியின் வேலை. அவ்வொட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதனை அணுகாது. நீரில் நீந்தித்திரியும் பருவத்திலேயே அழிக்கலாம். ஆனால், புள்ளி எதுவும் இல்லை. செட்டைகள் அரிக்கப்படவில்லை. வயிறு வீங்கிச் செதில்கள் நிமிர்ந்திருக்கவுமில்லை. யாவற்றிற்கும் மேலாக, ஒரு மீனன்றி ஆறும் ஒரே நாளில் நோயுற்றிருந்தன. ஆறுக்கும் பொதுவாயிருந்தது நீர் ஒன்றே.

நீரில் எதனை ஐயுறுவது? குளோரீனை விலக்கிவிடலாம், எமது கிணற்றுநீரில் அது கலக்கப்படுவதில்லை. வெப்பம் மிக, நீர் கரைத்துவைத்திருக்கும் ஒட்சிசன் குறைகின்றது. 20 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும். 30 பாகையில் 7.5 மில்லிகிராமே கரையும். ஆகவே, இரவு முழுதும் காற்றுக்குமிழிகளைச் செலுத்தினேன். விடிந்தபோதும் மீன்கள் மேலேயே இருந்தன.

எஞ்சியது அமோனியா. மீன் தன் பூக்களின் வழியே அதனை ஓயாது வெளியேற்றுகின்றது. உண்ணாது எஞ்சிய உணவும் அழுகி அதனைத் தருகின்றது. பழைய தொட்டியில் கற்களிலும் பஞ்சிலும் படிந்து வாழும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அக்கூட்டம் புதிதாக வேரூன்ற நான்கு முதல் ஆறு கிழமைகள் வேண்டும். சுண்ணக்கல் நிலத்தின் கிணற்றுநீர் காரத்தன்மை மிக்கது; காரம் மிக, அமோனியாவின் நச்சுத்தன்மையும் பெருகும். நகரிலிருந்து சோதனைத் திரவம் பெற்றுவந்து சில துளிகளை இட்டேன். மஞ்சளாக நிற்கவேண்டிய நீர் கரும்பச்சையாயிற்று. பளிங்குபோன்ற அந்நீரே நஞ்சு. அம்மா அழுக்கென்று கழுவி அகற்றியது தொட்டியின் உயிரை.

மருந்துப் போத்தலை நான் திறக்கவில்லை. எஞ்சிய பற்றீரியாக்களையும் அது அழித்துவிடக்கூடும். உணவை நிறுத்தி, நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினேன். தோழி ஒருத்தி தன் பழைய தொட்டியின் அழுக்கேறிய பஞ்சில் ஒரு துண்டு தந்தாள். இரண்டு மீன்கள் இறந்தன; நான்கு பிழைத்தன. ஐந்தாம் கிழமையில் சோதனை நீர் மஞ்சளாகவே நின்றது.

அம்மாவிடம் இதனை எடுத்துரைப்பதே யாவற்றிலும் கடினமாயிருந்தது. மறைக்கவும் மனம் ஒப்பவில்லை. மறைப்பின், அடுத்த புத்தாண்டிற்கும் அவர் கற்களைக் கொதிநீரில் இடுவார். முழுதும் கேட்டபின், “அப்ப நான்தானே பிள்ளை?” என்றார். “கண்ணுக்குத் தெரியாததை ஆர் அம்மா கண்டது?” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. அதன்பின் பஞ்சைத் தொட்டிநீரிலேயே மெல்ல அலசுகின்றார்.

கலைப்பீடத்து மாணவியாகிய எனக்கு இவ்விரசாயனம் முழுதும் புதியது. அதன் முறை மட்டும் புதியதன்று. ஓர் இலக்கியப் படைப்பை அது தோன்றிய சூழலில் வைத்து நோக்கவேண்டும் என்று விரிவுரை மண்டபங்களில் நாம் கற்கின்றோம். ஆயின், விடுதியறையில் ஒருவன் வாய்மூடியிருப்பதையோ, வகுப்புகளுக்கு வராதிருப்பதையோ காணும்போது அப்பாடத்தை மறந்துவிடுகின்றோம். சோம்பேறி என்கின்றோம், செருக்கன் என்கின்றோம், புத்திமதியைப் பிடிபிடியாய்த் தூவுகின்றோம். அவன் எந்நீரில் வாழ்கின்றான் என்று வினவுவார் சிலரே. ஒருவர் மட்டும் வாடும்போது அவரிடம் நோயைத் தேடுவதில் நியாயம் உண்டு. பலரும் ஒருங்கே வாடும்போதேனும், நாம் முதலிற் சோதிக்கவேண்டியது நீரையே.