புதிய நீர்க்குறி

சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என இரு சோதனைகள் உண்டு. சிறுநீரின் நிறம், மணம், நுரை முதலியவற்றைப் பார்ப்பது முன்னது. அதன்மேல் விட்ட எண்ணெய்த் துளி நீள்கிறதா, வளையமாகிறதா, திரண்டு நிற்கிறதா என்று கவனிப்பது பின்னது. தேரையர் பெயரால் வழங்கும் அப்பாடல்களை இலக்கியம் பயின்ற நாம் யாப்புக்காகவும் சொல்லுக்காகவும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சிறுநீர் வரப்போவதைச் சொல்லுமா என்ற கேள்வி எங்கள் மூத்த அண்ணனின் நோயோடுதான் வீட்டுக்குள் வந்தது.

வலியே இல்லாமல் அவருக்குச் சிறுநீரில் இரத்தம் போயிற்று. நெடுங்காலம் பீடி பிடித்தவர். சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி, தசைக்குள் இறங்கவில்லை என்றார்கள். சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்தார்கள். வீரியம் மிக்க வகை என்பதால், குழந்தைகளுக்குத் தோளில் குத்தும் அதே பி.சி.ஜி. மருந்தை வாரந்தோறும் பைக்குள் செலுத்தினார்கள்.

இந்நோயின் இயல்பே திரும்பி வருவது. ஆகவே மூன்று மாதத்திற்கொருமுறை சிஸ்டோஸ்கோப்பி. 1877இல் ஜெர்மானியரான நிட்சே செய்து காட்டிய கருவியின் வழித்தோன்றல்தான் இன்றும் உள்ளே சென்று பார்க்கிறது. வலியைவிட அந்த மேசையில் அப்படிக் கிடப்பதே அண்ணனுக்குப் பெருந்துன்பம். ஒரு குப்பிச் சிறுநீரே போதும் என்ற நாள் வராதா என்று தம்பி தங்கையர் நாங்கள் ஏங்கினோம்.

குப்பிகள் பல உண்டு. சிறுநீரில் உதிரும் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் முறையைப் பாப்பனிக்கலாவ் 1945இல் எழுதினார். வீரியம் குறைந்த கட்டிகளை அது பெரும்பாலும் தவறவிடும். என்.எம்.பி.22 போன்ற புரதங்களைத் தேடும் சோதனைகள் கல்லடைப்பையும் கிருமித்தொற்றையும் கண்டுகூடப் பொய்யாக எச்சரிக்கும். ஃபிஷ் என்னும் சோதனை, உதிர்ந்த செல்களில் 3, 7, 17ஆம் குரோமோசோம்கள் மிகுந்துள்ளனவா, 9ஆவதில் ஒரு துண்டு தொலைந்துள்ளதா என்று ஒளிரும் புள்ளிகளால் எண்ணிப் பார்க்கிறது.

அண்ணனுக்கு எடுத்த ஃபிஷ் 'உண்டு' என்றது. உள்ளே பார்த்த கருவி 'இல்லை' என்றது.

இரண்டும் மெய்யாக இருக்கலாம் என்றார் மருத்துவர். கண்ணுக்குத் தெரியும் முன்பே செல்கள் மாறத் தொடங்கியிருக்கலாம்; சிலருக்குச் சில மாதங்களில் கட்டி தோன்றும், சிலருக்குத் தோன்றாமலே போகும். "சோசியக்காரனும் இதத்தானே சொல்றான்?" என்றார் அண்ணன். அண்ணி எழுந்து வெளியே போனார்.

அவர் கேட்டதை நாங்கள் பல நாள் பேசித் தீர்த்தோம். சோதிடன் தன் வாக்கு எத்தனை முறை பொய்த்தது என்று எண்ணி வைப்பதில்லை. இச்சோதனையின் பிழையோ எண்ணி எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் எந்த மருத்துவரும் அதை மட்டும் நம்பிப் பையை அகற்றுவதில்லை, அதை மட்டும் நம்பிக் குழாயை நிறுத்துவதுமில்லை. சிறுநீரகங்களையும் நாளங்களையும் ஸ்கேன் செய்தார்கள், பைச்சுவரில் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. 'உண்டு' என்ற அந்தச் சொல் செய்தது இவ்வளவே: காத்திருப்பதில் எங்களுக்கு அசட்டை வராமல் பார்த்துக்கொண்டது.

அதன்பின் இரண்டு முறை குழாய் போய் வந்துவிட்டது. கட்டி இல்லை. அண்ணன் பீடியை விட்டுவிட்டார். அந்த மேசையை மட்டும் இன்னும் வெறுக்கிறார். அடுத்த முறை தை மாதத்தில்.