தூரத்தின் மேல் போட்ட பழி

சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் சுமார் 650 கிலோமீட்டர். பல வருடங்களாக இந்த எண்ணை வைத்துக்கொண்டு என் அம்மாவிடம் பொய் சொல்லி வருகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து போன் வரும். "எப்பய்யா வாரே? அப்பா தேடுதாவ." நான் தரமணி அலுவலகத்தின் படிக்கட்டில் நின்றுகொண்டு, "டிக்கெட் கிடைக்கலம்மா. பஸ்ஸுல வந்தா ரெண்டு நாள் உடம்பு கேக்காது" என்பேன்.

உண்மை வேறு. நெல்லை எக்ஸ்பிரஸ் ராத்திரி வண்டி. வெள்ளிக்கிழமை ஏறினால் சனிக்கிழமை காலையில் ஊர். ஞாயிறு ராத்திரி கிளம்பினால் திங்கள்கிழமை வேலைக்கு வந்துவிடலாம். எஸ்.ஆர்.பி. டூல்ஸ் நிறுத்தத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் முதுகில் பையோடு, ஊருக்கு வண்டி பிடிக்கத் தாம்பரத்துக்கு ஓடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். லிங்க் ரோடு, வேளச்சேரி நெரிசலில் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டாலும் போய்விடுகிறார்கள். தட்கல் முன்பதிவு பயணத்துக்கு முந்தைய நாள் காலையில் திறக்கும், ஏசிக்குப் பத்து மணி, மற்றதுக்குப் பதினொன்று. பதினொன்றரைக்குப் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்வது என் வழக்கமாக இருந்தது.

2023 செப்டம்பர் 24 அன்று சென்னை–நெல்லை வந்தே பாரத் தொடங்கியது. ஏழு மணி ஐம்பது நிமிடப் பயணம். அப்போதைய நேரப்படி மதியம் 2.50க்கு எழும்பூரில் ஏறினால் இரவு 10.40க்கு நெல்லை சந்திப்பு. ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. தூரத்தைக் காட்டித் தப்பிக்க இனி முடியாதே என்ற பயம். உடனே அடுத்த பொய்யைத் தேடினேன்: கட்டணம் அதிகம், லீவு இல்லை, பிள்ளைக்குப் பரீட்சை.

நான் தரமணியில் பாலிடெக்னிக் படித்த காலத்தில் சென்னை–நெல்லை ரயில் தடம் மீட்டர் கேஜ் பாதை. அப்பா முன்பதிவில்லாத பெட்டியில், இடம் கிடைத்தால் உட்கார்ந்தும் கிடைக்காவிட்டால் நின்றும் வருவார். விடுதி வாசலில் கருப்பட்டியும் முறுக்கும் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்று சாயங்கால வண்டியிலேயே திரும்பிவிடுவார். அவருக்கும் அதே 650 கிலோமீட்டர்தான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை.

இப்போது அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது. சொல்ல நினைத்தது வராமல் கண்ணில் நீர் கட்டி என்னைப் பார்க்கிறார். அந்தக் கட்டிலருகே உட்கார எனக்குத் தைரியம் இல்லை. போன தடவை அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியேறி, முருகன்குறிச்சி வரை நடந்தேன். நான் ஊருக்குப் போகாததற்குக் காரணம் இதுதான். ரயில் எவ்வளவு விரைவாக ஓடினாலும் இந்தக் கோழைத்தனம் குறையாது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். மருந்துக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. அதைச் சொல்லி என்னையே சமாதானப்படுத்திக்கொண்டதும் இந்தப் பொய்யின் ஒரு பகுதிதான்.

அம்மாவிடம் இதையெல்லாம் இன்னும் சொல்லவில்லை. தெருவில் யாராவது விசாரித்தால், "பாவம், அவன் என்ன செய்வான், டிக்கெட்டே கிடைக்க மாட்டேங்கு" என்று எனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.